இராணுவத்தில் எடுத்த தீயணைப்புப் பயிற்சியை வெளியில் செல்லுபடியாக்குவது எப்படி

அமெரிக்காவில், இராணுவத்தில் தீயணைப்பு வீரராக இருந்து வெளியே வருகிறவரிடம் நகரத் தீயணைப்புத் துறை எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்று முதலில் கேட்பதில்லை. எந்தத் தரத்தில் சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள், அதைத் தந்தது யார் என்றுதான் கேட்கும். இது விளங்கினால் மிச்சமெல்லாம் கடதாசி வேலை. விளங்காவிட்டால், வருடக்கணக்கில் நெருப்புக்குள் நின்றவர்கூடப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று முதலாம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டிவரும்.

நான் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்துவிட்டு இப்போது கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் இருக்கிறேன். என் மருமகன், அதாவது அக்காவின் மகன், கிறீன் கார்ட் லொத்தரில் அமெரிக்கா போய், அங்கே இராணுவத்தில் சேர்ந்து, தீயணைப்பு வீரனாக இருந்து வெளியே வந்தவன். (விசுவமடுவில் அக்கா "மகன் ஆமியில்" என்று சொன்னால் கேட்கிறவர்கள் உடனே "எந்த ஆமி?" என்பார்கள். இப்போது அவர் "மகன் நெருப்பு அணைக்கிற வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.) அவனுடைய சான்றிதழ்க் கோவையை நாங்கள் இருவரும் வட்ஸ்அப்பில் இருந்தே ஒழுங்குபடுத்தினோம். இங்கே இரவு எட்டரை, அங்கே காலை பத்து. அதைக் கேள்விப்பட்டு, பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் படையில் இருக்கிற வேறு சில பெற்றோரும் கேட்க வந்தார்கள். வளைகுடாவில் படைத்தளங்களில் வேலை செய்து திரும்பிய பெடியன்களும் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது சுகம்.

எது சான்றிதழ், எது வெறும் கடதாசி

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களுக்கான தகைமைத் தரங்களை எழுதுவது என்.எஃப்.பி.ஏ. எனப்படும் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம். அடிப்படைத் தீயணைப்பு வீரருக்கான தரம் நீண்ட காலமாக என்.எஃப்.பி.ஏ. 1001. அதில் ஃபயர் ஃபைற்றர் 1, ஃபயர் ஃபைற்றர் 2 என்று இரண்டு படிகள். தரத்தை எழுதுகிற சங்கம் இந்தச் சான்றிதழைத் தருவதில்லை. அதைத் தருவது மாநிலமோ, ஒரு பயிற்சி அமைப்போ, பாதுகாப்புத் திணைக்களமோதான். அப்படித் தருகிறவர்கள் பரீட்சையை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகள் இரண்டு: ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஐஃப்சாக், 1972 இல் தொடங்கிய ப்ரோ போர்ட்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தனக்கென்று ஒரு தீயணைப்புச் சான்றிதழ்த் திட்டம் வைத்திருக்கிறது. புளோரிடாவின் டின்டல் விமானப்படைத் தளத்தில் இருக்கும் சிவில் பொறியியல் நிலையம் அதை நடத்துகிறது. இந்தத் திட்டத்துக்கு ஐஃப்சாக், ப்ரோ போர்ட் இரண்டின் அங்கீகாரமும் உண்டு. ஆகவே அங்கிருந்து வருகிற சான்றிதழில் இலக்கத்தோடு அவற்றின் முத்திரை இருக்கும். நாம் தேட வேண்டியது அதைத்தான்.

பயிற்சிக் கல்லூரி தருகிற "இந்தப் பாடநெறியை முடித்தார்" என்ற பத்திரம் வேறு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை எவ்வளவு திறமாக இருந்தாலும், வேலைக்குப் போகும்போது பரீட்சைத் திணைக்களத்தின் சாதாரண தரப் பெறுபேற்றைத்தானே கேட்கிறார்கள்? அதே கதைதான். பாராட்டுப் பத்திரம், பதக்கம், தளபதியின் கடிதம் எல்லாம் நேர்முகத்தில் உதவும், சான்றிதழின் இடத்தை நிரப்பாது.

எல்லாப் படைப் பயிற்சியும் ஒன்றல்ல

அமெரிக்கத் தரைப்படையில் தீயணைப்பு வீரருக்கான தொழிற்பிரிவுக் குறியீடு 12எம். விமானப்படையில் 3ஈ7எக்ஸ்1. மரைன் படையில் விமானத் தீயணைப்புக்கு 7051. இவர்களுக்கான பயிற்சி ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அஞ்சலோவில், குட்ஃபெலோ தளத்தில் இருக்கும் பாதுகாப்புத் திணைக்களத் தீயணைப்புக் கல்லூரியில். பயிற்சி மூன்று மாதம் அளவில். அங்கேயே ஃபயர் ஃபைற்றர் 1, 2, அபாயகரப் பொருள்களைக் கையாளும் இரண்டு படிகள், விமான நிலையத் தீயணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இந்த வழியால் வந்தவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

கடற்படைக்காரரின் நிலை வேறு. கப்பலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடமில்லை என்பதால், சேர்கிற எல்லாருக்குமே தொடக்கப் பயிற்சியில் நெருப்பணைக்கக் கற்பிக்கிறார்கள். நல்ல பயிற்சி, சந்தேகமில்லை. ஆனால் அதனால் மட்டும் ஃபயர் ஃபைற்றர் 1 கிடைத்துவிடாது. புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா, மகன் கப்பலில் "ஃபயர் ரீமில்" இருந்தவன் என்று படத்தோடு வந்தார். படத்தில் மகன் முழு உடுப்பில், சுவாசக் கருவியோடு நிற்கிறான். முத்திரை போட்ட சான்றிதழ் ஒன்றும் இல்லை. அவனுக்கு நான் சொன்னது, புதிதாகப் படி, ஆனால் மற்றவர்களைவிட வேகமாக முடிப்பாய் என்று. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

படையை விட்டு வர முன்பே சேர்க்க வேண்டியவை

உள்ளே இருக்கும்போது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்துபோய் எடுக்கக்கூடிய கடதாசியை, வெளியே வந்தபிறகு எடுக்க மாதங்கள் ஆகலாம். ஆகவே இன்னும் சீருடையில் இருக்கிற பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லுங்கள்.

முதலாவது, திணைக்களச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும். தொலைத்திருந்தால் பயப்பட வேண்டாம். அந்தத் திட்டத்துக்கு இணையத்தில் தேடற்பக்கம் இருக்கிறது. ஐஃப்சாக்கும் ப்ரோ போர்டும் தங்கள் பக்கங்களில் சரிபார்க்க வசதி வைத்திருக்கின்றன. தன் பெயரில் அங்கே என்ன பதிவாகியிருக்கிறது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளலாம். அதில் இல்லாத சான்றிதழை நம்பி விண்ணப்பம் போட வேண்டாம்.

இரண்டாவது, படிப்புப் பதிவு. தரைப்படை, கடற்படை, மரைன் ஆட்களுக்கு அது ஜொயின்ற் சேர்விசஸ் ட்ரான்ஸ்கிரிப்ட். விமானப்படைக்காரருக்கு விமானப்படையின் சமூகக் கல்லூரிப் பதிவு. இதோடு டிடி 2586 என்ற படிவமும் இருக்கிறது, படையில் பெற்ற பயிற்சியும் அனுபவமும் வெளியார் வாசிக்கக்கூடிய மொழியில் அதில் வரும்.

மூன்றாவது டிடி 214, விலகல் பத்திரம். இதில் "மெம்பர் 4" என்ற பிரதிதான் வேண்டும். விலகிய விதம் எழுதப்பட்டிருப்பது அதில்தான், சுருக்கப் பிரதியில் அது இருக்காது. 11 ஆம் கட்டத்தில் தொழிற்பிரிவும் 14 ஆம் கட்டத்தில் படித்த பாடநெறிகளும் சரியாக இருக்கின்றனவா என்று கையெழுத்துப் போட முன்பு வாசிக்க வேண்டும். வெளியே வந்தபிறகு தொலைந்தால் சென் லூயிஸில் இருக்கும் தேசிய ஆளணிப் பதிவேட்டு நிலையத்துக்கு எழுதிப் பிரதி எடுக்கலாம்.

பெயர்ப் பிரச்சினையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வராது, எங்கள் பிள்ளைகளுக்குத்தான் வரும்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. அமெரிக்கக் கடதாசியில் பின்னுக்கு இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துவிடுகிறார்கள். ஆகவே ஓரிடத்தில் பிள்ளை அப்பாவாகவும் இன்னோரிடத்தில் அப்பா பிள்ளையாகவும் இருப்பார்கள். அதோடு பதினெட்டு எழுத்துப் பெயரைப் படிவத்தின் கட்டத்துக்குள் அடக்கப் பாதியில் வெட்டிவிடுவதும் உண்டு. மருமகனின் சான்றிதழ் ஒன்றில் பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் இல்லை. தேடற்பக்கத்தில் முழுப்பெயரைப் போட்டால் "பதிவு இல்லை" என்று வருகிறது, வெட்டிய பெயரைப் போட்டால் வருகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது: எல்லாக் கடதாசியிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். சான்றிதழ் வழங்கிய இடத்துக்கு முதலில் எழுதித் திருத்தக் கேளுங்கள். திருத்த முடியாததற்கு, இவையெல்லாம் ஒரே ஆளின் பெயர்கள் என்று அங்கேயே நொத்தாரிசு முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். ஊரில் பிறந்தவர் என்றால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படலாம். இடப்பெயர்வில் மூலப்பத்திரம் போனவர்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர். பிறப்புப் பதியப்பட்ட பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். எடுக்கும்போது இரண்டு மூன்றாக எடுத்து வையுங்கள், இன்னொரு நாள் அலைய வேண்டியதில்லை.

வரிக்கு வரி பொருத்துதல்

கடதாசிகள் கைக்கு வந்ததும் ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதுங்கள்: தரத்தின் இலக்கம், எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தப் படி, வழங்கிய திகதி, முத்திரை இலக்கம். பக்கத்து நிரலில் பிள்ளை போக விரும்பும் மாநிலம் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத வரிகள்தான் இனி உள்ள வேலை.

இலக்கங்கள் மாறியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். தீயணைப்பு வீரர், வண்டி ஓட்டுநர், விமான நிலையத் தீயணைப்பு வீரர் ஆகியோருக்குத் தனித்தனியாக இருந்த 1001, 1002, 1003 போன்ற தரங்களை என்.எஃப்.பி.ஏ. இப்போது 1010 என்ற ஒரே தரத்துக்குள் சேர்த்துவிட்டது. அபாயகரப் பொருள்களுக்கு முன்பு 472, அப்புறம் 1072, இப்போது 470. பழைய இலக்கத்தில் சான்றிதழ் இருப்பதால் அது செல்லாது என்று பொருளில்லை. பதிப்பின் ஆண்டை மாநிலம் கேட்கும், அவ்வளவுதான்.

அதிகம் பேர் மறக்கிற வரி இந்த அபாயகரப் பொருள் வரிதான். ஃபயர் ஃபைற்றர் 2 இருந்தும், அவெயர்னஸ், ஒப்பரேஷன்ஸ் என்ற இரண்டு படிகளின் முத்திரையையும் இணைக்காததால் விண்ணப்பம் திரும்பி வரும். அடுத்தது மருத்துவ வரி. பல நகரங்களில் தீயணைப்பு வீரர் ஈ.எம்.ரி. எனப்படும் அவசர மருத்துவத் தகைமையும் வைத்திருக்க வேண்டும். அதற்கான தேசியப் பதிவேட்டில் பெயர் இருந்தால் நல்லது. ஆனால் அந்தப் பதிவு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. மாநில உரிமம் வேறாக எடுக்க வேண்டும்.

என்னைப் போல விமான நிலையத்தில் மட்டும் நின்றவர்களுக்கு ஒரு சொல். எங்கள் வேலை ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர்வது, நுரை அடிப்பது, விமானத்திலிருந்து ஆளை எடுப்பது. பூட்டிய வீட்டுக் கதவை உடைப்பது, புகை நிறைந்த படிக்கட்டில் ஹோஸ் இழுத்துக்கொண்டு ஏறுவது, கூரையில் துளை போட்டுப் புகையை வெளியேற்றுவது எங்களுக்கு அவ்வளவாகக் கைவந்ததில்லை. கடதாசியில் எல்லாம் பொருந்தினாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு, செய்முறைப் பரீட்சைக்கு முன் எங்காவது ஒரு தொண்டர் தீயணைப்புப் பிரிவில் பயிற்சி எடுப்பது புத்தி.

மாநிலத்துக்கு எழுதுவது

ஐஃப்சாக் முத்திரை இருந்தால் எல்லா மாநிலமும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. ஏற்பதா இல்லையா என்பது பெறுகிற மாநிலத்தின் முடிவு. சில இடங்களில் முத்திரையைப் பார்த்து மாநிலச் சான்றிதழைக் கொடுத்துவிடுவார்கள். சில இடங்களில் எழுத்துப் பரீட்சை, சில இடங்களில் செய்முறையும். சில மாநிலங்களில் சான்றிதழ் கட்டாயமே இல்லை, நகரம் தன் விருப்பப்படி கேட்கும்.

ஆகவே முகநூலில் கேட்காமல், மாநிலத்தின் தீயணைப்புச் சான்றிதழ்ப் பிரிவுக்கே மின்னஞ்சல் எழுத வேண்டும். "நான் இராணுவத்தில் தீயணைப்பு வீரராக இருந்தேன், எனக்கு என்ன கிடைக்கும்" என்று எழுதினால் பொதுவான இணைய முகவரி ஒன்றைத் தந்து அனுப்பிவிடுவார்கள். மருமகன் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"பாதுகாப்புத் திணைக்களம் வழங்கிய ஃபயர் ஃபைற்றர் 1, 2 சான்றிதழ்களும் அபாயகரப் பொருள் அவெயர்னஸ், ஒப்பரேஷன்ஸ் சான்றிதழ்களும் என்னிடம் உள்ளன. பதிப்பு ஆண்டுகளும் முத்திரை இலக்கங்களும் கீழே. இவற்றைக் கொண்டு உங்கள் மாநிலத்தின் அடிப்படைச் சான்றிதழுக்கு நேராக விண்ணப்பிக்கலாமா? எழுத்துப் பரீட்சை வேண்டுமா? செய்முறை வேண்டுமா? எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம்? சான்றிதழ் எடுத்து எத்தனை வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்?"

கடைசிக் கேள்வியை விடாதீர்கள். முத்திரைக்குக் காலாவதித் திகதி இல்லாவிட்டாலும், அண்மைக்காலத்தில் வேலையில் இருந்ததற்கான ஆதாரத்தைச் சில இடங்கள் கேட்கும். பதில் வந்தால் அதை அச்செடுத்துக் கோவையில் வையுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை அடுத்த மாதம் இன்னொருவர் மறுத்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

பரீட்சைக் கட்டணத்துக்கு, படையில் இருந்தவர்களின் படிப்புச் செலவுக்கு உதவும் ஜி.ஐ. பில் உரிமையைப் பயன்படுத்தலாம். அங்கீகரிக்கப்பட்ட உரிம, சான்றிதழ்ப் பரீட்சை ஒன்றுக்கு 2000 டொலர் வரை முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களம் திருப்பித் தரும், தேறாவிட்டாலும்கூட. பற்றுச்சீட்டை எறிய வேண்டாம்.

மாநிலச் சான்றிதழ் கிடைத்தால் வேலை கிடைத்ததென்று அக்கா ஊருக்கே சொல்லத் தொடங்கினார். இல்லை. நகரம் ஆள் எடுப்பது தனி விஷயம். பல நகரங்களில் சீபற் எனப்படும் உடற்தகுதிப் பரீட்சை உண்டு. ஐம்பது இறாத்தல் மேலங்கியைப் போட்டுக்கொண்டு எட்டு வேலைகளைப் 10 நிமிடம் 20 விநாடிக்குள் செய்து முடிக்க வேண்டும். படி ஏறும் பகுதியில் தோளில் இன்னும் இருபத்தைந்து இறாத்தல். இராணுவத்தில் இருந்தவன் என்பதற்காக இதில் விலக்கு எதிர்பார்க்காதீர்கள். பெரிய நகரங்கள் சில, சான்றிதழ் உள்ளவரையும் தங்கள் கல்லூரியில் முழுப் பயிற்சியும் மறுபடி எடுக்கச் சொல்லும். எனக்கு அது வீண்செலவாகத்தான் படுகிறது. ஆனால் அவர்களுடைய வண்டி, அவர்களுடைய விதி. அப்படியான இடத்தில் சான்றிதழ் தெரிவுப் புள்ளிக்கு உதவும், நாட்களைக் குறைக்காது.

கனடாப் பிள்ளைகளுக்கு: படையின் தீயணைப்புக் கல்லூரி போர்டன் தளத்தில். ஒன்ராறியோவில் தீயணைப்பு வீரர்களுக்கான சான்றிதழை 2022 ஜூலையில் வந்த ஒழுங்குவிதி கட்டாயமாக்கி, துறைகளுக்குச் சில வருட அவகாசம் கொடுத்தது. அங்கேயும் அடிப்படை என்.எஃப்.பி.ஏ. தரம்தான் என்பதால் மேலே சொன்ன கொப்பி வேலை அப்படியே பொருந்தும். எழுத வேண்டிய இடம் மாகாணத் தீயணைப்பு ஆணையாளர் அலுவலகம்.

ஊருக்குத் திரும்பியவர்களுக்கு

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபிறகுதான் எங்கள் பக்கத்தில் தீயணைப்பு என்ற பேச்சு பலமாக எழுந்தது. இப்போது கரைச்சிப் பிரதேச சபையிடம் ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டுப் படைத்தளத்தில் வேலை செய்தவர்கள் "அங்கே எடுத்த சான்றிதழை வைத்து இங்கே சேரலாமா" என்று கேட்கிறார்கள். சபைக்கு ஆள் எடுப்பது அரசாங்க ஆட்சேர்ப்பு விதிப்படி. முத்திரையைக் காட்டி உள்ளே போக முடியாது.

தனியார் துறைக்கோ மறுபடி வெளிநாட்டுக்கோ போகிறவருக்கு இங்குள்ள வழி, தேசிய தொழிற்றகைமையின் கீழ் "முன் கற்றலை அங்கீகரித்தல்". என்.வி.கியூ. என்று எல்லாருக்கும் தெரியும். நைற்றா எனப்படும் தேசிய பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். முதலில் கேட்க வேண்டியது, உங்கள் தொழிலுக்குத் தேசியத் தேர்ச்சித் தரம் இருக்கிறதா, எந்த மட்டம் வரை, மதிப்பீட்டாளர் இருக்கிறாரா என்பதுதான். இருந்தால் சேவைக் கடிதம், பயிற்சிப் பத்திரம், வேலை செய்யும் படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையாக்கிக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் செய்து காட்டச் சொல்வார். அங்கே கூச்சப்படாமல் செய்யுங்கள், வாயால் விளக்குவதற்குப் புள்ளி குறைவு.

தளத்தில் ஒப்பந்தக் கம்பனிக்கு வேலை செய்தவரின் சான்றிதழில் ஐஃப்சாக் அல்லது ப்ரோ போர்ட் முத்திரை இருந்தால் அது படைவீரருடையதைப் போலவே செல்லும். கம்பனிக் கடிதம் மட்டும் என்றால் அது அனுபவக் கடிதம்தான். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "இரண்டு நாளில் சர்வதேச ஃபயர் சேர்ட்டிபிக்கற்" என்று விளம்பரம் போடுகிறார்கள். காசு கட்ட முன்பு அவர்கள் கொடுத்த பழைய சான்றிதழ் ஒன்றின் முத்திரை இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் தந்தால் இணையத்தில் போட்டுப் பாருங்கள். தர மறுத்தால் எழும்பி வாருங்கள்.

இன்னொன்று. டிடி 214 இல் சமூகப் பாதுகாப்பு இலக்கம் இருக்கக்கூடும். பிள்ளை அனுப்பியதை அச்செடுக்கச் சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொண்டுபோனால், வேலை முடிந்ததும் கடைக் கொம்பியூட்டரிலிருந்து அதை அழிக்கச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டி அடையாளத்துக்குள்ளும் போய் அழிக்கிறார்களா என்று நின்று பாருங்கள். மூலப்பத்திரத்தை எவருக்கும் தபாலில் அனுப்பவே வேண்டாம்.